ரீபில்ட் டர்போ போச்சு, கடைக்காரர் கைவிரிச்சார்: மலையேறும் வண்டிக்கு அடுத்து எது?

தேனி மாவட்டத்தில் கம்பம், கூடலூர், போடி பக்கம் பிக்கப் வைத்து மலைக்கு லோடு அடிக்கிறவர்களுக்கு டர்போ, அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம், பழுதாகிப் போவது புதுச் செய்தி இல்லை. புது டர்போ விலையைக் கேட்டதும் தலை சுற்றி, ரீபில்ட் ஒன்றை, அதாவது பழையதைப் பிரித்துப் புதுப்பித்ததை, வாங்கி மாட்டுவதும் வழக்கம்தான். சிக்கல் எங்கே என்றால், அந்த ரீபில்ட் சில வாரங்களிலேயே படுத்துவிட, விற்றவர் "ஆயில் வராம போயிருக்கு, அது எங்க பொறுப்பு இல்ல" என்று போனை வைத்துவிடும்போது. எங்கள் வண்டியில் நடந்ததும் இதேதான். விற்ற கடை மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில். வண்டி இந்தப் பக்கம், டியூ பாக்கியோடு.

இந்த நிலையில் ஆளாளுக்கு ஒரு வழி சொல்வார்கள். அதே கடையில் சண்டை போட்டு வேறொன்று வாங்கு என்பார் ஒருவர். விட்டுத் தொலை, உள்ளூரில் கோரை, அதாவது டர்போவின் நடுப்பகுதியை, மாற்று என்பார் இன்னொருவர். கம்பெனி டர்போவே போடு, பழைய இரும்புக் கடையில் தேடு, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போ என்று பட்டியல் நீளும். எதுவும் தப்பான யோசனை இல்லை. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒரு முடிவு இருக்கிறது: போன டர்போவைப் பிரிப்பதா, பிரிக்காமல் வைப்பதா? பட்டறையில் அரை மணி நேரத்தில், யாரையும் கேட்காமல், பெரும்பாலும் தப்பாக எடுக்கப்படுவது அந்த முடிவுதான். கோரைப் பிரித்த நிமிடமே கடைக்காரருக்கு ஒரு பதில் கிடைத்துவிடுகிறது: "நீங்க பிரிச்சுட்டீங்க, இனி நான் என்ன சொல்ல?"

பிரிக்காமலே எவ்வளவு பார்க்க முடியும் என்பதை முதலில் சொல்கிறேன். நிறையப் பார்க்கலாம்.

ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் ஹோஸின் கிளாம்பைத் தளர்த்திக் கழற்றினால் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் வீல் கண்ணுக்கு நேராகத் தெரியும். டார்ச் அடித்து ஒவ்வொரு பிளேடாகப் பாருங்கள். நுனி வளைந்தோ சிதைந்தோ இருந்தால் உள்ளே ஏதோ புகுந்திருக்கிறது. நட்டு, ஃபில்டர் துணுக்கு, முந்தைய டர்போ உடைந்தபோது பைப்பில் தங்கிய சில்லு, ஏதாவது ஒன்று. பிளேடுகள் முழுசாக இருந்து, ஹவுசிங் சுவரில் மட்டும் வட்டமாக உரசிய தடம் பளபளத்தால், ஷாஃப்ட் ஆடி வீல் சுவரைத் தொட்டிருக்கிறது என்று பொருள். அப்புறம் நடுவிலிருக்கும் நட்டை விரலால் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். அந்தத் திசையில் ஆட்டம் கைக்குத் தெரியவே கூடாது. பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருக்கலாம். ஷாஃப்டைத் தாங்குகிற புஷ்கள் ஆயில் படலத்தில் மிதக்கிறவை, ஆயில் இல்லாமல் நிற்கும்போது கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அதைப் பார்த்துவிட்டு "ப்ளே வந்துருச்சு" என்று நல்ல டர்போவைத் தூக்கிப்போட்ட கதைகளும் உண்டு.

அடுத்து ஆயில் ஃபீடு பைப். மேலிருந்து டர்போவுக்குள் இறங்கும் ஒல்லியான பைப். அதைக் கழற்றி உள்ளே ஊதிப் பாருங்கள். கரி கட்டியிருந்தால் காற்று திணறும். அந்தப் பைப்பைப் பிடித்திருக்கும் பான்ஜோ போல்ட்டின் துளையை வெளிச்சத்தில் காட்டுங்கள். கீழே இருக்கிற ரிட்டர்ன் பைப்பில் சிலிக்கான் பசை பிதுங்கி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இதையெல்லாம் செய்யும்போது ஒரு ஆள் போனில் வீடியோ எடுக்கட்டும். வண்டி நம்பர் பிளேட்டில் ஆரம்பித்து, டர்போவின் சீரியல் நம்பர் தகடு, விற்றவர் போல்ட் மேல் வைத்த சீல் பெயிண்ட் கலையாமல் இருப்பது, பிறகு மற்றதெல்லாம் என்று ஒரே ஓட்டத்தில், வெட்டாமல்.

இப்போது கடைக்காரர் சொன்ன ஆயில் கதைக்கு வருவோம். எரிச்சலோடு கேட்டாலும், அது பொய்யாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சின்ன டீசல் வண்டி டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுற்றுகிறது. ஒரு பக்கம் 600, 700 டிகிரியில் புகை, மறுபக்கம் வெளிக்காற்று, நடுவில் ஷாஃப்டைக் காப்பாற்றுவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. சில நொடி ஆயில் நின்றாலும் புஷ் போய்விடும்.

நம் ஊர்ப் பாதைக்கென்றே ஒரு வினையும் இருக்கிறது. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி வரைக்கும் லோடோடு இரண்டாவது, மூன்றாவது கியரில் மிதித்து ஏறுகிறோம். டர்போ செக்கச் சிவக்கச் சூடாகியிருக்கும். ஏறி முடித்த இடத்திலேயே செக்போஸ்ட். ஜிஎஸ்டி வந்த பிறகு வரிச் சாவடி போனாலும் மற்ற சாவடிகள் இருக்கின்றன. வண்டியை ஓரம் கட்டிச் சாவியைத் திருகிவிட்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார் டிரைவர். எஞ்சின் நின்றால் ஆயில் ஓட்டமும் நின்றது. புகை வரும் டர்பைன் பக்கத்துச் சூடு முழுக்க நடு ஹவுசிங்குக்குள் இறங்கி, அங்கே தேங்கிய ஆயிலைக் கரியாக்கும். தினம் ஒரு முறை இப்படி நடந்தால் ஃபீடு பைப் தானாகவே அடைக்கும். போடிமெட்டு 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி உச்சியில் டீக்கடைக்கு நிறுத்துகிறவர்களும் இதே கணக்கில்தான் வருகிறார்கள். ஐயப்ப சீசனில் மலைப்பாதையில் ஊர்ந்து, நின்று, அணைத்து, மறுபடி கிளப்புவது இன்னும் மோசம்.

ஆக, பழைய டர்போ எதனால் போனது என்று பார்க்காமல், அதே கரி பிடித்த ஃபீடு பைப்போடு, அதே பழைய ஆயிலோடு ரீபில்டை மாட்டியிருந்தால், கடைக்காரர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கலாம். மறுபாதியும் இருக்கிறது. ரீபில்ட் செய்த கோரை அதற்கான பேலன்ஸ் மிஷினில் ஆயில் கொடுத்து, வேகமாகச் சுற்றவிட்டுப் பார்க்க வேண்டும். விஎஸ்ஆர் என்று அந்தத் தொழிலில் சொல்வார்கள். அந்த மிஷின் இல்லாத கடைகள் வீலைத் தனியாக மட்டும் பேலன்ஸ் செய்துவிட்டு, அல்லது அதுவும் இல்லாமல், புஷ்ஷும் சீல் ரிங்கும் மாற்றிப் பெட்டியில் போட்டு விற்கின்றன. பெயிண்ட் அடித்துப் பளபளவென்றுதான் இருக்கும். பேலன்ஸ் சரியில்லாத கோர் முதல் நாளிலிருந்தே ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஏறி இறங்கி ஊளையிடும். மாட்டிய அன்றைக்கே அந்தச் சத்தம் வந்து, அன்றைக்கே வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜோ வீடியோவோ அனுப்பியிருந்தால், அது ஒரு வலுவான ஆதாரம்.

சரி, இப்போது வழிகளைப் பார்ப்போம்.

அதே கடையில் மாற்று வாங்குவது

இது இலவசம் என்று தோன்றும். அப்படியில்லை. டர்போவுக்குத்தான் காசு இல்லை. கழற்றி மாட்டும் கூலி, புது ஆயில், ஆயில் ஃபில்டர், கேஸ்கெட், பார்சல் லாரிச் செலவு, வண்டி நிற்கும் நாட்களின் வாடகை எல்லாம் நம் கையிலிருந்துதான். வண்டி ஒரு வாரம் நின்றால் போகிற வாடகையை ரீபில்ட் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சீசன் நேரத்தில் இரண்டும் கிட்டத்தட்ட சமமாக வந்து நிற்கும்.

இதைவிட முக்கியமான இன்னொன்று. கடை எப்போதும் சொல்வது, "பீஸை அனுப்புங்கண்ணா, பாத்துட்டு சொல்றோம்." நியாயமாகத்தான் தோன்றும். அனுப்பியதும் ஆதாரம் உங்கள் கையை விட்டுப் போய்விட்டது. நாலு நாள் கழித்து நீலம் பாய்ந்த ஒரு புஷ்ஷின் போட்டோ வரும், "பாருங்க, ஆயில் இல்லாம எரிஞ்சுருக்கு" என்று. அது உங்கள் புஷ்தானா என்று கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? அதனால் அனுப்பாதீர்கள் என்று சொல்லவில்லை. நேரில் எடுத்துப் போங்கள், கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள், வீடியோ எடுங்கள். ஒரு பகல் வேலைதான். போக முடியாவிட்டால் ஹவுசிங்கில் பஞ்ச் வைத்து ஓர் அடையாளம் அடித்து, போட்டோ எடுத்து, பார்சல் ரசீதில் பொருளின் பெயரையும் சீரியல் நம்பரையும் எழுத வைத்து, "பிரிப்பதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும்" என்று மெசேஜும் போட்டுவிட்டு அனுப்புங்கள்.

கடை வேறொரு ரீபில்ட் தர ஒத்துக்கொண்டால் வாங்கலாமா? முதல் பீஸ் ஏன் போனது என்று அவர்கள் எழுத்தில் சொல்லி, இரண்டாவதுக்குச் சீரியல் நம்பரோடு பேலன்ஸ் ரிப்போர்ட்டும் கொடுத்தால் வாங்குவேன். "சரிண்ணா, வேற ஒண்ணு அனுப்புறேன், இதோட முடிச்சுக்கலாம்" என்று மட்டும் சொன்னால் வாங்க மாட்டேன். "இதோட முடிச்சுக்கலாம்" என்பதற்குத் தலையாட்டினால் இரண்டாவதும் போகும்போது பேச்சே இருக்காது.

உள்ளூரில் புது கோர்

டர்போ முழுசாக மாற்றாமல், நடுப்பகுதியை மட்டும், அதாவது ஷாஃப்ட், இரண்டு வீல், புஷ், நடு ஹவுசிங் எல்லாம் சேர்ந்து பேலன்ஸ் செய்து வரும் கோரை மட்டும் மாற்றுவது. கார்ட்ரிட்ஜ் என்றும் சொல்வார்கள். நத்தை ஓடு போன்ற இரண்டு ஹவுசிங்கும் நம்முடையதே. தேனி, மதுரை பக்கத்து டீசல் பம்ப் சர்வீஸ் கடைகள் இதைச் செய்கின்றன. என் கணக்கில், வேஸ்ட்கேட் (மிஞ்சிய புகையை வெளியே விடும் கதவு) வைத்த சாதாரண டர்போவுக்கு இதுதான் செலவுக்கும் நம்பிக்கைக்கும் நடுவில் நிற்கும் வழி.

ஆனால் இரண்டு நிபந்தனை. ஹவுசிங் சுவரில் வீல் ஆழமாக உரசியிருக்கக் கூடாது. உரசியிருந்தால் புது கோர் போட்டாலும் இடைவெளி கூடி இழுவை வராது. இரண்டாவது, டர்போவுக்குள் அசையும் இறக்கைகள் உள்ள வகையாக இருந்தால் கோர் மாற்றுவதோடு வேலை முடியாது. அந்த இறக்கைகளில் கரி பிடித்துச் சிக்கியிருக்கும், அவற்றை அசைக்கும் அக்சுவேட்டரைச் சரியான அளவில் செட் செய்ய வேண்டும், அதற்கும் கருவி வேண்டும். கண் மதிப்பில் நட்டைத் திருகிச் செட் பண்ணுகிறேன் என்கிற ஆளிடம் கொடுக்க வேண்டாம்.

இங்கேதான் முதலில் சொன்ன முடிவு மோதுகிறது. கோர் மாற்ற வேண்டுமென்றால் போன டர்போவைப் பிரித்தாக வேண்டும். பிரித்தால் கடைக்காரர் மீதான வழக்கு பலவீனமாகும். எங்கள் வீட்டில் இதற்காகவே ஒரு ராத்திரி வாக்குவாதம். தம்பிதான் வண்டி ஓட்டுகிறான். "அண்ணே, வழக்கு ஜெயிக்கிறதுக்குள்ள வண்டியே பழசாயிரும், பிரிச்சுப் போடுவோம்" என்றான். அவன் சொன்னதிலும் உண்மை இருந்தது. கடைசியில் முதல் முதலில் போன கம்பெனி டர்போ பட்டறையில் கிடந்தது நினைவுக்கு வந்தது. எக்ஸ்சேஞ்ச் முறையில் கொடுத்துவிடாமல் வைத்திருந்ததால் தப்பித்தோம். அதன் ஹவுசிங் நன்றாக இருந்தது. அதில் புது கோர் ஏறியது. ரீபில்ட் சீல் கலையாமல் ஒரு சாக்கில் கட்டி பரண் மேல் ஏறியது. எக்ஸ்சேஞ்சுக்குப் பழையதைக் கேட்கும் கடைகள் விலையில் கொஞ்சம் குறைப்பார்கள்தான். அந்தக் குறைப்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டு, முடிந்தால் பழையதைக் கையிலேயே வைத்திருங்கள்.

கம்பெனி புதுசு

விலை ரீபில்டைப் போல இரண்டு, மூன்று மடங்கு போகலாம். ஆனால் வாரண்டி கேட்டால் போனை எடுக்கிற ஆள் இருக்கிறார், பில் இருக்கிறது. நம் பக்கத்து வண்டிகள் பலவற்றில் வரும் டர்போவைச் செய்கிற டர்போ எனர்ஜி நிறுவனம் சென்னையைச் சேர்ந்ததுதான். காரட், போர்க்வார்னர் போன்ற வெளிநாட்டுப் பெயர்களும் உண்டு. டீலரிடம் மட்டும் விலை கேட்காமல், டர்போ தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் பார்ட் நம்பரைச் சொல்லியும் கேட்டுப் பாருங்கள். டீலர் பெட்டியில் வருகிற அதே பொருள் குறைவான விலையில் கிடைக்க வாய்ப்புண்டு.

யாருக்கு இது சரி? கம்பம் பன்னீர் திராட்சை ஏற்றுகிறவருக்கு. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பழம் வருடம் முழுக்க அறுவடை வரும், அழுகும். நடு மலையில் வண்டி நின்றால் டர்போ விலைக்கு மேல் சரக்கு போய்விடும். ஏலக்காய் மூட்டை போடி ஏல மையத்துக்கு ஒரு நாள் தாமதமாக வந்தால் அடுத்த ஏலத்தில் வைத்துக்கொள்ளலாம், திட்டு மட்டும்தான் விழும். ஜல்லி, உரம், சிமெண்ட் ஏற்றுகிறவருக்கு அந்தப் பயமும் இல்லை. எது ஏற்றுகிறோம் என்பதை வைத்து எந்த டர்போ என்று தீர்மானிப்பது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் நஷ்டத்தின் அளவு அங்கேதான் இருக்கிறது.

மற்ற வழிகள்

பெயரில்லாத பெட்டியில் வரும் மலிவான புது டர்போ: புதுசு என்பதைத் தவிர அதில் உறுதி எதுவும் இல்லை. சமவெளியில் ஓடும் வண்டிக்கு ஒருவேளை ஓடலாம், மலைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் விபத்து வண்டியிலிருந்து கழற்றிய டர்போ: ஷாஃப்டை அசைத்து, பிளேடு பார்த்து, பார்ட் நம்பர் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்கத் தெரிந்தவருக்கு லாபம். வாரண்டி கடை வாசல் வரைதான். டர்போவை அடைத்துவிட்டு ஓட்டுவது: அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். இழுவை இல்லாமல் லோடோடு மலையேறினால் கறுப்புப் புகையும் சூடான எஞ்சினும்தான் மிச்சம். வண்டி இன்சூரன்ஸ் இதற்கு வராது. மெக்கானிக்கல் பழுது வழக்கமான பாலிசியில் விலக்கப்பட்ட ஒன்று.

கடைக்காரரிடம் காசு வாங்குவது தனிக் கணக்கு

வண்டியை ஓட வைப்பதையும் காசைத் திரும்ப வாங்குவதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் இரண்டும் நடக்காது. "அவன் மாத்திக் குடுக்கட்டும், அப்புறம் மாட்டலாம்" என்று வண்டியை நிறுத்தி வைத்தவர்கள் டியூ கட்ட நகையை அடகு வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

நம் எல்லைக்காரர்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. கடை கேரளாவில், வழக்கு என்றால் இடுக்கிக்கோ கோட்டயத்துக்கோ அலைய வேண்டுமே என்று. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் பொதுவாக அப்படித்தான் இருந்தது. விற்றவர் இருக்கும் இடம் அல்லது விவகாரம் எழுந்த இடம். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதை மாற்றிவிட்டது. புகார் கொடுப்பவர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். தேனிக்காரர் தேனியிலேயே போடலாம், கடைக்காரர்தான் இங்கே பதில் சொல்ல வர வேண்டும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. விவகாரம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

எதிர்த் தரப்பு கட்டாயம் எழுப்பும் ஆட்சேபம் ஒன்று உண்டு: "இது வாடகை வண்டி, வியாபாரத்துக்கு வாங்கியது, இவர் நுகர்வோரே இல்லை." இதற்குப் பயப்பட வேண்டாம், ஆனால் தயாராக இருக்க வேண்டும். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டமே சொல்கிறது. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கும்போது, தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்கியவரும், தானே ஓட்ட லாரி வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று உதாரணமே காட்டியது. துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் அந்தத் தகுதி போய்விடாது என்றும் சொன்னது. எனவே ஆர்சி உங்கள் பெயரில், ஓட்டுவதும் நீங்கள் என்றால் நிலை நல்லது. நாலைந்து வண்டி வைத்து டிரைவர் போட்டு ஓட்டுகிற முதலாளிக்கு இந்தக் கதவு கடினம். அவர் சிவில் கோர்ட்டைப் பார்க்க வேண்டியிருக்கும், அந்தச் செலவுக்கு ஒரு டர்போ கட்டுப்படியாகாது. எங்கள் வண்டி ஆர்சி என் பெயரில், ஓட்டுவது தம்பி. ஒரே குடும்பப் பிழைப்பு என்பதைக் காட்ட ரேஷன் கார்டு முதல் லைசென்ஸ் வரை சேர்த்து வைத்திருக்கிறோம்.

பில் இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. "எஸ்டிமேட்" என்று மேலே எழுதிய துண்டுச் சீட்டைத்தான் பல கடைகள் நீட்டும். ஜிஎஸ்டி மிச்சம் என்று நாமும் சந்தோஷமாக வாங்கி வருவோம். சீட்டு மட்டும் இருந்தாலும் எல்லாம் போய்விடவில்லை. ஜிபே பதிவு, வாட்ஸ்அப்பில் விலை பேசியது, கடைக்காரர் அனுப்பிய டர்போ போட்டோ, பார்சல் ரசீது எல்லாம் சேர்ந்தால் வாங்கியது நிரூபணமாகும். வாரண்டி எத்தனை மாதம் என்று வாயால் சொன்னதை நிரூபிப்பதுதான் கஷ்டம். அதனால் சண்டை முற்றுவதற்கு முன்னாலேயே, சாதாரணமாக, "அண்ணே, இதுக்கு ஆறு மாச வாரண்டினு சொன்னீங்கல்ல, டர்போ போயிருச்சு, என்ன பண்ணலாம்?" என்று ஒரு மெசேஜ் போட்டு வையுங்கள். பெரும்பாலானவர்கள் அதற்கு "ஆமா, ஆனா ஆயில்..." என்றுதான் பதில் போடுவார்கள். அந்த "ஆமா" போதும்.

வக்கீல் நோட்டீசுக்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை, கடைக்குத் தகவல் அனுப்பிச் சமரசம் பேசுவார்கள். பெரிய நிறுவனங்களிடம் அது வேலை செய்யும் அளவுக்கு ஒற்றைக் கடைகளிடம் வேலை செய்வதில்லை என்பது என் எண்ணம். ஆனால் செலவில்லை, பதிவு எண் பின்னால் உதவும்.

ஆணையத்துக்குப் போனால் எதிர்த் தரப்பு 30 நாளில், கூடுதலாக 15 நாள் அவகாசத்தில், பதில் போட வேண்டும். மூன்று மாதத்தில், பொருளைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும்; அதைத் தெரிந்துகொண்டே போங்கள். பரிசோதனை என்று வரும்போதுதான் பரணில் கிடக்கும் பிரிக்காத டர்போவின் மதிப்பு தெரியும்.

இதில் எல்லோரும் சொல்லத் தயங்குகிற ஒரு விஷயம் இருக்கிறது, மெக்கானிக். கடைக்காரர் பழியை அவர் மேல்தான் போடுவார். அவரையும் எதிர்த் தரப்பாகச் சேர்த்தால் "நான் இல்லை, அவர்" என்கிற விளையாட்டு ஆணையத்தின் முன்னால் முடிந்துவிடும் என்று வக்கீல் சொல்வார். சட்டப்படி சரிதான். ஆனால் ஆயில் பைப் மாற்றினேன், ஆயில் ஃபில்டர் புதுசு, ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் டர்போவில் ஆயில் ஊற்றினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே. நாளைக்கு ராத்திரி குமுளி மலையில் கிளட்ச் போனால் போன் போடப்போவதும் அவருக்குத்தான். எங்கள் மெக்கானிக் ஃபீடு பைப் புதுசு போட்டதற்கான பில்லை எடுத்து நீட்டிவிட்டார், எனவே அவரைச் சேர்க்கவில்லை. அந்த பில் இல்லாதிருந்தால் என்ன செய்திருப்போம் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பில் இல்லாத இடத்தில், வழக்கை விட்டுவிட்டுக் கடையிடம் பாதித் தொகைக்காவது சமரசம் பேசுவதே புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன். கடைக்காரருக்கும் எல்லை தாண்டி வாய்தாவுக்கு வருவதில் ஆசை இருக்காது. நோட்டீஸ் கைக்குப் போன பிறகு பாதி, முக்கால் என்று பேச்சு வரும். வந்தால் வாடகை நஷ்டத்தைப் பிடித்துத் தொங்காமல் வாங்கிக்கொள்ளலாம். வாடகை நஷ்டத்தை நிரூபிக்க முந்தைய மாதங்களின் டிரிப் கணக்கு, லோடு பில் எல்லாம் வேண்டும். நம்மில் எத்தனை பேர் அதை எழுதி வைக்கிறோம்?

எந்த டர்போ போட்டாலும் மாட்டும்போது செய்ய வேண்டியவை மாறாது. ஃபீடு பைப்பும் பான்ஜோ போல்ட்டும் புதுசு. ஆயில், ஃபில்டர் புதுசு. ஆயில் போகும் இடங்களில் சிலிக்கான் பசை தொடவே கூடாது, கேஸ்கெட் மட்டும். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றி உள்ளே தேங்கிய ஆயிலையும் சில்லுகளையும் கழுவ வேண்டும். இதை விட்டுவிட்டால் பழைய டர்போவின் உடைந்த துண்டு எஞ்சினுக்குள் போகும், தேங்கிய ஆயிலை எஞ்சின் டீசலாக எடுத்துக்கொண்டு சாவியை அணைத்தாலும் நிற்காமல் அலறும் அபாயமும் உண்டு. எஞ்சின் உள்காற்றை வெளியே விடும் பிரீதரில் அடைப்பு, ஏர் ஃபில்டர் இரண்டையும் பாருங்கள். எஸ்டேட் பாதைப் புழுதியில் ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைகிறது. ஃபீடு துளையில் ஆயில் ஊற்றி வீலைக் கையால் சுற்றிவிட்டு, ஸ்டார்ட் ஆகாமல் செல்ஃப் மட்டும் அடித்து ஆயில் பிரஷர் வந்த பிறகு கிளப்ப வேண்டும். கிளப்பியதும் ஆக்சிலேட்டர் மிதிக்காமல் சில நிமிடம் ஓடட்டும். இதையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், இந்த முறை மாட்டத் தொடங்குவதற்கு முன்னிருந்தே. செக்போஸ்ட்டில் தம்பி இப்போது எஞ்சினை ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டுத்தான் அணைக்கிறான். பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள், அடிக்கட்டும்.